பாதி மாத்திரை

அன்புள்ள சில்லுவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ‘இருவரும்’ என்ற இடத்திலேயே கை நின்றுவிட்டது. இருவரும் என்று எழுதினால் பொய். மூவரும் என்று எழுதினால் நீ நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாய். எழுந்திருக்காதே, உட்கார்ந்தே படி. அம்மா உண்டாகியிருக்கிறாள். இது ஏழாவது மாதம்.

அப்பா ஏதோ தப்பாக எழுதிவிட்டார் என்று மேல் வரியை மறுபடி படிப்பாய். தப்பில்லை. உனக்குக் கல்யாணம் பேச வேண்டிய வயதில் உனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது. இத்தனை மாதம் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியும் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாய். முதல் மூன்று மாதம் தங்குமா தங்காதா என்ற பயம். அது தாண்டியதும் உன் வேலை நிரந்தரமாகும் நேரம், உன் மனதைக் கலைக்கக் கூடாது என்றாள் அம்மா. அதுவும் ஆன பிறகு வெட்கம். போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நீங்க சொல்லுங்க என்று அவள் என்னைப் பார்ப்பாள், நீ சொல்லு என்று நான் அவளைப் பார்ப்பேன், நீ அங்கே மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாய். வீடியோவில் முகத்தை மட்டும் காட்டி ஒப்பேற்றினாள். கன்னம் பூசினாற்போல் இருக்கிறதே, நல்லாச் சாப்பிடறியாம்மா என்று நீயே கேட்டாய், நினைவிருக்கிறதா? அன்று அவள் சிரித்துவிட்டு, போனை வைத்த பிறகு குளியலறையில் போய் அழுதாள். எப்போதும் கடிதம் எழுதுவது அவள்தான், அடியில் நாலு வார்த்தை கிறுக்கிக் கையெழுத்துப் போடுவதோடு என் வேலை முடிந்துவிடும். இந்தத் தடவை நீங்களே எழுதுங்க, நான் எழுதினா காகிதம் நனைஞ்சிடும் என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ஸ்பேனர் பிடித்த கை.

எல்லாவற்றையும் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நீ கிளம்பிப் போன கொஞ்ச நாளில் அம்மாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. மாதம் தள்ளிப்போனதை அவள் கண்டுகொள்ளவே இல்லை, நிற்கிற வயது வந்துவிட்டது, விட்டது தொல்லை என்று இருந்திருக்கிறாள். காலையில் வாய் கசப்பதைப் பித்தம் என்றாள், கடையில் திரைச்சீலைத் துணியின் புது வாசனை குமட்டுகிறது என்றாள், நானும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினேன். ஒருநாள் கடையில் துணி வெட்டும் மேசைமேலேயே கண் இருட்டிக்கொண்டு வந்ததும் நான் பிடிவாதமாக டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். பரிசோதனை முடிந்து, மறுபடி கூப்பிட்டபோது, அங்கே சீட்டு எழுதும் பெண் கர்ப்பம் என்ற முடிவைப் படித்துவிட்டு, அம்மாவை நிமிர்ந்து பார்த்து, மகளை உள்ளே அனுப்புங்கம்மா என்றாள். அம்மா தானே எழுந்து உள்ளே போனாள். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய் டாக்டரம்மா பேச ஆரம்பித்ததும் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த வயதில் ரத்த அழுத்தம் ஏறலாம், சர்க்கரை வரலாம், குழந்தைக்கும் குறை இருக்கலாம், நன்றாகப் பிறக்கவும் பிறக்கலாம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, வேண்டாம் என்று நினைத்தால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள் என்றார். நல்ல மனுஷி, எதையும் பூசி மெழுகவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். எங்கள் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. “பயமாத்தான் இருக்கு. ஆனா வேணும்னு தோணுது. உங்களுக்கு?” என்று கேட்டாள். நீ சொல்வதுதான் என்றேன் நான், பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லாதீங்க, உங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்டேன் என்றாள். வேணும் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது அது உண்மை என்று. இத்தனை வருடம் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி வேலை செய்கிறவன் நான், அன்று மூன்றாவது பஸ்ஸில் ஏற அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டுச் செலவு. அம்மா கடை வேலையை விட வேண்டியதாகிவிட்டது, கனமான துணிச் சுருளைத் தூக்கக் கூடாது, நாள் முழுக்க நின்று வெட்டக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு சம்பளம் நிற்கிறது, அதே சமயம் ஒரு ஆள் வரப்போகிறது. நாங்கள் அதை ஆள் என்றுதான் சொல்கிறோம், பாப்பா கீப்பா என்று கொஞ்சினால் கண் பட்டுவிடுமோ என்று இருவருக்குமே உள்ளூரப் பயம். ஆளுக்காக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து எதைக் குறைக்கலாம் என்று பார்த்தோம். டிவி இணைப்பு, செய்தித்தாள், ஏசி, மாதம் ஒருமுறை வெளியில் சாப்பிடுவது எல்லாம் முதல் நாளே போயின. ஸ்கூட்டரை விற்றேன், பஸ்ஸில் போகிறேன், தூங்குவதற்கு நல்ல இடம். சலவை இயந்திரம் ரிப்பேரானது, சரி செய்யவில்லை, வாளியும் நானும்தான். முடி வெட்ட இப்போது கடைக்குப் போவதில்லை, உன் அம்மாவே வெட்டிவிடுகிறாள். திரைச்சீலை வெட்டிய பழக்கம், நேர்கோடாக வெட்டிவிட்டாள், வேலையிடத்தில் ஒரு வாரம் என்னைத் தொப்பி என்று கூப்பிட்டார்கள். அவள் தலைக்குச் சாயம் வாங்குவதை நிறுத்திவிட்டாள். நரைத்த தலையோடு வயிற்றையும் தள்ளிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று எனக்கே குழப்பம் என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள். கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் தன் பேரனுக்குச் சின்னதாகிப் போன துணிகளையும் தள்ளுவண்டியையும் கொடுத்தார். வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது, பிரித்து எண்ணெய் போட்டேன், இப்போது தொட்டாலே ஓடுகிறது.

ஆரம்பத்தில் இதெல்லாம் எங்களுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. புதிதாகக் குடித்தனம் வந்தவர்கள் போல இருவரும் சேர்ந்து யோசிப்பதும், இன்று இதை மிச்சம் பிடித்தேன் என்று அவள் சொல்வதும், நானும் ஒன்றும் சளைத்தவனில்லை என்று நான் ஒன்றைச் சொல்வதும். போகப் போக அது போட்டியாகிவிட்டது. நான் டீயை விட்டேன் என்றால் அவள் பாலை விடுவாள். உனக்குப் பால் வேண்டும் என்று நான் சத்தம் போட்டால், குடிச்சா நெஞ்சைக் கரிக்குதுங்க என்பாள். நெஞ்சைக் கரிக்கிறதா, வேண்டுமென்றே விட்டாளா என்று கண்டுபிடிக்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுக் குறைத்த வரைக்கும் சரியாகத்தான் இருந்தது. சொல்லாமல் குறைக்க ஆரம்பித்தோம் பார், அங்கேதான் வினை.

அதற்கு முன் உன்னிடம் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், கோபம் வந்தால் என்மேல் காட்டு. உன் அறையை வாடகைக்கு விட்டுவிட்டோம். பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி, விடியும் முன்பே போய்விடுவாள், மத்தியானம் வந்து தூங்குவாள், வீட்டில் இருக்கிறாளா என்றே தெரியாது, தூக்கத்தில் மட்டும் ஹாரன் அடிக்கிற மாதிரி ஒரு குறட்டை. உன் புத்தகம், துணிமணி எல்லாவற்றையும் அம்மா பெட்டியில் கட்டிப் பரண்மேல் வைக்கச் சொன்னாள். கட்டும்போது ஒவ்வொரு துணியையும் மடித்து மடித்து வைத்தாள், நான் ஏணியில் நின்றுகொண்டு பாதி நாள் காத்திருந்தேன். நீ சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் கிழிக்க வேண்டாம், அவை பாட்டுக்கு இருக்கட்டும் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். நீ லீவில் வந்தால் எங்கே படுப்பாய் என்று யோசித்தோம், எங்கள் அறையில் படுத்துக்கொள், நான் கூடத்துக்குப் போகிறேன். உன்னை வெளியே தள்ளிவிட்டு இன்னொன்றுக்கு இடம் செய்கிறோம் என்று மட்டும் நினைத்துவிடாதே. இதை எழுதும்போதே எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

ஐந்தாம் மாதக் கடைசியில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஒருவேளைகூட விடக் கூடாது. அதோடு சத்து மாத்திரைகளும் சேர்ந்து மருந்துக் கடைக்கு ஒரு தொகை புதிதாகக் கிளம்பிவிட்டது. அதை ஈடுகட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாக எடுத்துச் செய்யும் லிஃப்ட் பராமரிப்பு வேலைக்கு நெட்டை கூட வருவார், உனக்குத் தெரியும், உன்னைத் தோளில் தூக்கிக் கூரையைத் தொட வைத்தவர். நான் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி வேலை செய்யும்போது அவர் கதவுக்கு வெளியே நின்று யாரும் பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொள்வார், என்னோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். வருகிற கூலியில் அவருக்கும் பங்கு. அவரிடம் போய், கொஞ்ச நாளைக்கு நானே பார்த்துக்கொள்கிறேன் அண்ணே என்றேன். அவர் என்னையே பார்த்தார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, அந்தப் பங்கு அவருக்கும் வேண்டியதுதான். ஆனாலும் காசைப் பற்றி அவர் பேசவில்லை. “தனியா மேல ஏறாதப்பா. வேற எதையாவது குறைச்சுக்க” என்று மட்டும் சொன்னார். சரி சரி என்று வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நெட்டை எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்டால், அவருக்கென்ன, பேசிப் பேசியே கொல்கிறார் என்பேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை, போனில் சார்ஜ் இல்லை என்று மறுநாள் சொன்னேனே, அந்த நாள். பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் கூண்டின் மேல் உட்கார்ந்து வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. டியூஷன் டீச்சர். காலையிலிருந்து அம்மாவுக்குத் தலைவலியாம், முகம் வீங்கியிருக்கிறதாம், இப்போது கண்ணுக்கு முன்னால் பூச்சி பூச்சியாகப் பறக்கிறது என்கிறாளாம், ஆட்டோ கூப்பிட்டுவிட்டேன், நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது. மேலே வேலை செய்யும்போது லிஃப்டை ஓடவிடாமல் நிறுத்தி வைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. முதலில் கதவைத் திறந்து வெளியே இறங்கி, அதற்குப் பிறகுதான் அந்தச் சுவிட்சை மாற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதைத்தான். அன்று நான் கூண்டின் மேல் நின்றுகொண்டே சுவிட்சை மாற்றிவிட்டுக் கதவுக்குக் கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து மேல் மாடியில் யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். கூண்டு கிளம்பிவிட்டது. கதவு என் கையை விட்டுக் கீழே போகிறது, மேலே இருக்கும் இரும்பு விட்டம் என் தலையைப் பார்த்து வருகிறது. கால் வழுக்கிக் குப்புற விழுந்தேன். விழுந்த இடத்தில்தான் சுவிட்ச் இருந்தது, உள்ளங்கையால் அடித்தேன், நின்றது. சத்தமே இல்லை அங்கே. கதவுக்கு வெளியே நெட்டை இருந்திருந்தால் என் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பார். கத்த ஆள் இல்லை. அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், நான் இங்கே செத்துக் கிடந்தால் ஆஸ்பத்திரியில் அவள் யாரை எதிர்பார்த்து வாசலைப் பார்ப்பாள் என்று அந்த இருட்டில் படுத்துக்கொண்டே நினைத்தேன். பிறகு எப்படி இறங்கினேன், எந்த பஸ்ஸைப் பிடித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முழங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்ததை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லித்தான் பார்த்தேன்.

அம்மாவைப் படுக்க வைத்துக் கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். மாத்திரை சாப்பிட்டும் எப்படி இவ்வளவு ஏறியது என்று அவருக்குப் புரியவில்லை. ஒழுங்காகத்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டார், என் கண் முன்னால்தான் போட்டுக்கொள்கிறாள் என்றேன். அதற்குள் ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார்கள், என்னையும் உள்ளே விட்டார்கள். அந்தக் கருவியை வயிற்றில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தார். திரையில் சாம்பலும் கறுப்புமாக என்னவோ ஓடுகிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் முகத்தில் படித்துக்கொள்ளலாம் என்று. முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவர் ஒரு பொத்தானைத் திருகினார், குதிரை ஓடுகிற மாதிரி டக்டக்கென்று சத்தம் வந்தது. இருக்கிறது, கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

வார்டுக்குத் திரும்பிய பிறகு அவளே டாக்டரம்மாவிடம் சொன்னாள். மாத்திரையைப் பாதிப் பாதியாக வெட்டிச் சாப்பிட்டிருக்கிறாள். நூல் வெட்டும் சின்னக் கத்தரியால். காலையில் பாதி, ராத்திரி பாதி. என் கண் முன்னால்தான் போட்டுக்கொண்டாள், பாதியா முழுசா என்று நான் பார்க்கவில்லை. ஒரு மாதத்து மருந்து இரண்டு மாதத்துக்கு வருமே என்று கணக்குப் போட்டிருக்கிறாள், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, பாதியே போதும்போல என்று நினைத்திருக்கிறாள். டாக்டரம்மா கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, “கையில காசு கம்மின்னா என்கிட்ட சொல்லக் கூடாதா? இதே மருந்து வேற கம்பெனியில பாதி விலைக்கு இருக்கு. நான் எழுதிக் குடுத்திருப்பேனேம்மா” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் போன பிறகு அம்மா என் முழங்கைக் கட்டைக் கவனித்து இது என்ன என்று கேட்டாள். எங்காவது இடித்துக்கொண்டேன் என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நீ மாத்திரையை வெட்டினாய், நான் கூட வருகிற ஆளையே வெட்டிவிட்டேன் என்றேன். அடுத்த கட்டிலுக்குத் துணையாக இருந்த அம்மாள் ஆளை வெட்டியதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தினார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள், ரத்த அழுத்தம் ஏறிவிடப் போகிறது என்று நான் அவள் வாயைப் பொத்தினேன், எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் நல்லதென்று நினைத்துத்தான் செய்தோம். வீட்டில் மூன்று உயிரைத்தான் அதில் பணயம் வைத்திருக்கிறோம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

பத்து நாள் போல ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். இப்போது மாத்திரை முழுசு, விலை குறைந்த கம்பெனி. அம்மா இடது பக்கமாகப் படுத்தே கிடக்கிறாள், அவளுக்கு அதுதான் பெரிய தண்டனை, படுத்த இடத்திலிருந்தே ஜன்னல் திரையின் தையல் கோணல் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பாலும் முட்டையும் நானே எதிரில் உட்கார்ந்து தீர்க்க வைக்கிறேன். நெட்டையிடம் போய் நின்றேன், அவர் உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார், இப்போது முன்னைவிட அதிகமாகப் பேசுகிறார், நான் பதில் சொல்லாவிட்டால் கதவைத் தட்டுகிறார். இனிமேல் எதைக் குறைத்தாலும் ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிவிட்டுத்தான் குறைப்பது என்று பேசிக்கொண்டோம். செலவு கூடத்தான் ஆகிறது, உன் அறை வாடகையும் அம்மா வேலை பார்த்த கடையில் அவளுக்குக் கொடுத்த பழைய சம்பளப் பாக்கியும் கைகொடுக்கின்றன, சமாளித்துக்கொள்வோம். ஆனால் பயம் போகவில்லை கண்ணு. அவள் கொஞ்சம் அதிக நேரம் தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். தலையைத் தொட்டுக்கொண்டால் வலிக்கிறதா என்று ஓடிப்போய்க் கேட்கிறேன். வேலையில் போன் அடித்தால் முதலில் கதவைப் பிடித்துக்கொள்கிறேன், பிறகுதான் எடுக்கிறேன். டீச்சர் சும்மா காய்கறி வாங்கி வரச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்.

நாளைக்கு மறுபடி ஸ்கேன். ஆள் இன்னும் சில வாரம் உள்ளேயே இருந்து வளரலாமா, இல்லை இப்போதே வெளியே எடுத்துவிட வேண்டுமா என்று டாக்டரம்மா நாளைக்குச் சொல்வார். இப்போதே எடுத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றப் பார்ப்பார்களாம், பார்ப்பார்கள் என்றுதான் சொன்னார். நாளை போய்வந்த பிறகு எழுதலாமே என்று நினைத்தேன். நல்லபடியாகச் சொல்லிவிட்டால் உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவேன். வேறு மாதிரி சொல்லிவிட்டால் கேட்க வாய் வராது. அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்தேன்.

கேட்க வேண்டியது இதுதான். ஆஸ்பத்திரியில் அன்று ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா சில்லுகிட்ட கேளுங்க. வளர்க்கச் சொல்லிக் கேக்காதீங்க, அவ வாழ்க்கைய அவ பாக்கட்டும். இத தனியா விட்டுடாதன்னு மட்டும் கேளுங்க” என்றாள். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று நான் அவளை அடக்கினேன். அவள் விடவில்லை, கேக்கறேன்னு சொல்லுங்க என்று நான் சொல்லும் வரை கையை விடவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் என் வயதை நினைத்துப் பார். இது பள்ளிக்கூடம் முடிக்கும்போது எனக்கு மாடிப்படி ஏறவே இன்னொருவர் கை வேண்டியிருக்கும். கல்யாணம், வேலை என்று இதற்கு ஒரு காலம் வரும்போது நாங்கள் இருப்போமோ மாட்டோமோ. நீ கேட்டு வந்த உறவு இல்லை இது. உன்னைக் கேட்காமல் நாங்களாக உனக்குக் கொடுக்கிறோம். அதைச் சுமக்கச் சொல்லவில்லை. எங்காவது ஒரு ஊரில், இதன் போனை எடுக்க ஒரு அக்கா இருக்கிறாள் என்று இதற்குத் தெரிந்தால் போதும். உடனே பதில் எழுத வேண்டாம். கோபம் தீர்ந்த பிறகு யோசி. முடியாது என்று தோன்றினாலும் நீ எங்கள் பிள்ளைதான், அதில் ஒரு மாற்றமும் இல்லை.

இன்னும் ஒரு விஷயம், இதைக் கவனமாகப் படி. இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் மாதாமாதம் அனுப்புவதைக் கூட்டி அனுப்பாதே. நீ இதுவரை அனுப்பியதில் கை வைக்காமல் பிரசவத்துக்கென்று வைத்திருக்கிறோம், அது போதும். உன்னை எனக்குத் தெரியும், அம்மாவின் பிள்ளை நீ. அங்கே சாப்பாட்டைக் குறைப்பாயோ, குளிருக்குக் கணப்பைப் போடாமல் போர்வைக்குள் சுருண்டு கிடப்பாயோ, சாயங்காலம் இன்னொரு வேலை பிடித்து இருட்டில் நடந்து வருவாயோ, எதுவும் இங்கிருந்து எனக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கிறவள் மாத்திரையை வெட்டியதே எனக்குத் தெரியவில்லை. எதைக் குறைத்தாலும் எங்களிடம் சொல்லிவிட்டுக் குறை. வேலையை விட்டுவிட்டு ஓடி வரவும் வேண்டாம். வர வேண்டிய நேரம் வந்தால் அப்பாவே வா என்று கூப்பிடுவேன், வெட்கப்பட மாட்டேன்.

இது உன் கைக்கு வந்து சேர நாளாகும், அதற்குள் ஆளை எடுக்க வேண்டி வந்தால் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். படித்து முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு முதலில் நன்றாகத் திட்டு. நீ என்ன சொல்வாயோ என்று இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருக்கிறாள், திட்டு விழுந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குவாள். நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு முடியாதே, தனியாக எங்கேயும் உயரத்தில் ஏறாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். போனை மட்டும் எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத வேறு நாளில் நான் கூப்பிட்டால் ஆளை வெளியே எடுக்கிறார்கள் என்று அர்த்தம். போன் வராத நாளெல்லாம், அம்மாவும் ஆளும் இன்னும் ஒரு நாள் தாண்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா